மோரிஸ் மைனருக்கு மாற்று பெட்ரோல் பம்ப் தேடும் முறை

பழைய பிரிட்டிஷ் காரான மோரிஸ் மைனரின் எஸ்.யு. நிறுவனத்து மின்பம்ப் ஓயாமல் டிக்டிக்கென்று அடித்தால், புதியதைத் தேடுவதற்கு முன், டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா, டாங்கிலிருந்து வரும் குழாயின் இணைப்பில் காற்று புகுகிறதா என்று பார்க்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் பம்புக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்ட் கருகியிருக்கும். அதைச் சுத்தம் செய்தாலே பம்ப் மீண்டும் இயங்குவதுண்டு.

மாற்றியே ஆக வேண்டுமானால் அழுத்தமே முதல் கவனத்துக்குரியது. இந்தக் காருக்குச் சுமார் 1.5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 1.5 பவுண்டு) போதும், எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று கடையில் எடுத்து நீட்டப்படும் மின்பம்புகளில் பல இதைவிட அதிக அழுத்தத்தில் தள்ளி, பெட்ரோல் வரத்தை அடைக்கும் கார்புரேட்டரின் ஊசிவால்வை மீறிப் பெட்ரோலை வழியவிடும். கார்புரேட்டருக்கு நேர் கீழே எஞ்சின் புகையை வெளியேற்றும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருப்பதால் இது வெறும் பெட்ரோல் நட்டத்தோடு முடியாது.

பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் பம்பை வாங்குவோர், இவ்வண்டி பாசிட்டிவ் எர்த்தில் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்த அமைப்பில்) ஓடுவது என்பதைச் சொல்லியே கேட்க வேண்டும். முனை மாறினால் உள்ளிருக்கும் சர்க்யூட் உடனே கருகிவிடும்.