ரொறன்ரோவில் வீட்டுப் பூந்தோட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் வீட்டு முற்றத்துப் பூச்செடிகள் பட்டுப்போனால், எல்லோரும் குளிரையே குறை சொல்கிறோம். ஆனால் இந்த மண்ணுக்குரிய செடிகள் குளிரைத் தாங்கப் பழகியவை. பருவம் தப்பிச் செய்யும் வேலையைத்தான் அவற்றால் தாங்க முடிவதில்லை.

ஏப்ரல் இறுதியில் நாலு நாள் வெயில் அடித்ததும் நாற்று வாங்கி நட்டுவிடுவது முதல் தவறு. பகல் எவ்வளவு இதமாக இருந்தாலும் மே மாத நடுப்பகுதி வரை இரவில் உறைபனி விழக்கூடும். செண்டுமல்லி, காசித்தும்பை போன்றவை ஒரே இரவில் கருகிவிடும். மே 25க்கு முந்திய திங்கட்கிழமையான விக்டோரியா தினம் வரை பொறுப்பது இங்குள்ள தோட்டக்காரர்களின் பழைய வழக்கம், அது காரணமுள்ள வழக்கமும்கூட. வீட்டுக்குள் வளர்த்த நாற்றை நேரே வெயிலில் வைக்காமல், ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை, தினமும் சற்றுக் கூடுதலான நேரம் வெளியே வைத்துப் பழக்கிய பிறகே நட வேண்டும்.

ரியூலிப், டஃபோடில் கிழங்குகளை வசந்தத்தில் தேடுபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். ரியூலிப் கிழங்கு ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள் குளிரில் கிடந்தால்தான் பூந்தண்டு சரியாக நீளும் என்பதால், செப்டெம்பர் இறுதிக்கும் நிலம் உறைவதற்கும் இடையில், கிழங்கின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழத்தில் அதை ஊன்ற வேண்டும். ரியூலிப்பை அணில்கள் தோண்டித் தின்னும். நச்சுத்தன்மையுள்ள டஃபோடிலை அவை தொடுவதில்லை. பூ முடிந்ததும் அழகு கருதிப் பச்சை இலைகளை அறுத்துவிடக் கூடாது, ஏனெனில் அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை அந்த இலைகளே கிழங்கில் சேர்க்கின்றன. பியோனிக்கு ஆழம் ஆகாது. அதன் முளைக்கண்கள் மேல்மண்ணிலிருந்து 5 சென்ரிமீற்றருக்குக் கீழே போனால், செடி தழைக்குமே தவிரப் பூக்காது.

மிகப் பரவலான தவறு கத்தரிப்பில்தான் நடக்கிறது. லைலாக் அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகளை முந்திய கோடையிலேயே உருவாக்கிக்கொள்கிறது. இலையுதிர் காலத்தில் தோட்டத்தைத் துப்புரவு செய்யும் ஆர்வத்தில் அதன் கிளை நுனிகளை வெட்டுபவர், அடுத்த ஆண்டின் பூக்களையே வெட்டிவிடுகிறார். அதைப் பூ உதிர்ந்த உடனே கத்தரிக்க வேண்டும். ஹைட்ரேஞ்சியாவில் இன்னும் கவனம் தேவை: நீலமும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் பெரிய இலை வகை பெரும்பாலும் பழைய தண்டில் பூக்கிறது, கூம்பு வடிவப் பூங்கொத்துடைய வகை புதுத் தண்டில் பூக்கிறது. முன்னதை வசந்தத்தில் தரையோடு வெட்டினால் அந்தக் கோடையில் இலை மட்டுமே கிடைக்கும், பின்னதைத் தயங்காமல் வெட்டலாம். எந்த வகை என்று தெரியாவிட்டால் ஓராண்டு வெட்டாமல் விட்டுக் கவனிப்பதே நல்லது.

ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு ரோஜாவுக்குத் தழைச்சத்து உரம் இட்டால், முற்றாத இளந்தளிர்கள் பனியில் சிக்கிக்கொள்ளும். செடியடி மண்ணின் மேல் சருகு, மரப்பட்டைத் துண்டு போன்றவற்றைப் பரப்பும் மூடாக்கையும் அவசரப்பட்டுப் போடக் கூடாது. உறைவதும் உருகுவதுமாக மண் மாறிமாறி அசையும்போது வேர்கள் மேலே தள்ளப்படுவதைத் தடுப்பதே அதன் முக்கிய வேலை என்பதால், நிலம் உறைந்த பிறகு போடுவதே முறை. பாத்தியின் மேல் தானாக விழுந்த பனி நல்ல போர்வை, அதை அகற்ற வேண்டாம். ஆனால் உப்புத் தூவிய நடைபாதைப் பனியை அள்ளிப் பாத்தியில் கொட்டினால், அந்த உப்பு மண்ணில் தங்கி வேரைக் கெடுக்கும்.

தொட்டியில் உள்ள வேர்களுக்கு நிலத்தின் காப்பு இல்லை. ஆகவே குளிர்காலம் முழுவதும் வெளியே நிற்கும் தொட்டிகளுக்கு, உங்கள் ஊரின் குளிர்மண்டல எண்ணை (குளிர்காலத்தின் கடுமையைக் காட்டும் எண், குளிர் கூடினால் எண் குறையும்) விட இரண்டு குறைந்த மண்டலத்தையும் தாங்கும் செடியைத் தெரிவுசெய்யுங்கள். நம் வீடுகளில் ஆசையாய் வளர்க்கும் மல்லிகையையும் செம்பருத்தியையும் உறைபனி விழும்வரை வெளியே விடாமல், இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போதே, இலைகளின் அடிப்புறத்தில் பூச்சிகள் இருக்கின்றனவா என்று பார்த்துக் கழுவி உள்ளே எடுத்து, வெளிச்சமான சன்னலருகே வைத்துத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.