படத்தைக் காட்டி வீடு கேட்பவர்களுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அப்படியே இதே மாதிரி வேண்டும்" என்று கேட்பதில்தான் உள்ளலங்காரத் தவறுகள் பெரும்பாலும் தொடங்குகின்றன. படத்தில் அறை தெரியும். எந்த ஊரில், எந்தத் தேவைக்காக அது அப்படி அமைந்தது என்பது தெரியாது.

நவீனம் என்றாலே வெள்ளைச் சுவர் என்று பலர் நினைக்கிறார்கள். ஜெர்மனியில் 1919இல் வால்டர் குரோபியஸ் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியைத்தான் இதற்குச் சாட்சிக்கு அழைப்பார்கள். டெஸாவ் நகரில் அதன் ஆசிரியர்கள் குடியிருந்த வீடுகளிலோ உள்ளே அத்தனை வண்ணங்கள்! ஓவியர் காண்டின்ஸ்கியின் வீட்டுச் சுவர்மாடம் ஒன்றில் தங்கத் தாளே ஒட்டியிருந்தது. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் இதையெல்லாம் விழுங்கிவிட்டன.

அதிகப் பணம் வீணாகும் இடம் சமையலறை. இன்றைய மாடுலர் கிச்சனின் மூதாதை, 1926இல் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரின் குடியிருப்புகளுக்காக வடிவமைத்தது. அகலம் சுமார் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். அரிசியையும் சர்க்கரையையும் அப்படியே சாய்த்துக் கொட்ட மூக்கு வைத்த அலுமினிய இழுப்பறைகள், உட்கார்ந்து வேலை செய்யச் சுழல் முக்காலி என ஒவ்வொன்றும் யோசித்துச் செய்யப்பட்டவை. ஆனால் அது ஒரே ஒருவர் நின்று சமைப்பதற்கான அறை. ஒருவர் காய் நறுக்க, இன்னொருவர் தோசை வார்க்கும் வீட்டில் அந்த அளவைப் பின்பற்றினால் முழங்கைகள் இடிக்கும். கிரைண்டருக்கு இடம் விட்டீர்களா என்று வரைபடத்திலேயே பாருங்கள். சிங்க்கின் கீழே மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம். ஈரம் பட்டால் ஊதிப் போகும். தண்ணீர் தாங்கும் பிளைவுட் போடச் சொல்லுங்கள்.

வட ஐரோப்பாவின் ஸ்காண்டிநேவிய பாணியில் வரும் வெளிர் மரமும் வெண்சுவரும் நீண்ட குளிர்காலத்தில் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தைப் பெருக்கிக்கொள்வதற்காக. மதுரை வெயிலில் பெரிய கண்ணாடிச் சன்னலோடு அதைச் செய்தால் கண் கூசும், மின்கட்டணமும் ஏறும். நம் தட்பவெப்பத்துக்கு நெருங்கிய நவீனம் கொழும்பில் இருந்தது: 1960களின் தொடக்கத்தில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய ஏனா டி சில்வா வீடு. ஓட்டுக்கூரை, நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரங்கள். நெருக்கமான நகர மனையிலேயே இவ்வளவும்.

செங்கல் தெரியும் 'இண்டஸ்ட்ரியல்' பாணி தனி வேடிக்கை. நியூயார்க்கின் சோஹோவில், கைவிடப்பட்ட ஆலைத் தளங்களில் குடியேறிய கலைஞர்கள் இருந்த சுவரை இருந்தபடியே விட்டார்கள். நாமோ நன்றாகப் பூசிய சுவரின் மேல் காசு கொடுத்துச் செங்கல் டைல்ஸ் ஒட்டுகிறோம். ஆசைப்பட்டால் ஒட்டுங்கள், கூரையடியில் திறந்தபடி ஓடும் குழாய்களின் தூசியை யார் ஏணி போட்டுத் துடைப்பது என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.