வாலிபர் கூட்டத்தில் ஒரு ரொக் அல்பம்: கேட்டவர்களிடம் கருத்து எடுப்பது எப்படி

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்துக்குப் பாட்டுப் பொறுப்பு என்னுடையது. இடைக்கிடை ஒரு ஞாயிறு பின்னேரம் எல்லாரும் கூடி, ஒரு கிறிஸ்தவ ரொக் அல்பத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்டு, கேட்டவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எழுதி வாங்குகிறோம். கீர்த்தனையும் பாமாலையும் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த இசை எப்படிப் படுகிறது என்று அறிய எனக்குப் பெரிய ஆசை. கல்முனையிலும் வாழைச்சேனையிலும் உள்ள சிநேகிதர்கள் முறையைக் கேட்டதால் எழுதுகிறேன்.

முதல் தடவைக்கு நான் சொல்லும் அல்பம் சுவிட்ச்ஃபுட் குழுவின் ‘த பியூட்டிஃபுல் லெட்டவுண்’. அமெரிக்காவின் சான் டியேகோவில் இருந்து வந்த குழு. அல்பம் 2003இல் வெளிவந்தது. மொத்தம் 11 பாட்டு, முக்கால் மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். அமெரிக்காவில் மட்டும் 20 இலட்சத்துக்கு மேல் விற்றது. தேவாலயத்துக்குப் போகிறவர்களும் கேட்டார்கள், போகாதவர்கள் வானொலியிலும் கேட்டார்கள். கருத்து பிரிய வேண்டுமென்றால் இப்படி இரண்டு பக்கமும் ஓடிய அல்பம்தான் நல்லது. முதல் பாட்டான ‘மெண்ட் டு லிவ்’ கனத்த கிட்டாரோடு இடித்துக்கொண்டு வரும். கடைசிப் பாட்டான ‘ட்வென்டி ஃபோர்’ கிட்டத்தட்ட ஜெபம் மாதிரி அடங்கிப் போகும். சத்தம் பிடிக்காதவருக்கும் எழுத ஏதாவது கிடைக்கும்.

சத்த ஏற்பாட்டைச் சும்மா விடாதீர்கள். போன் ஸ்பீக்கரில் போட்டால் பேஸ் கிட்டார் காணாமல் போய்விடும். மிச்சம் கேட்பது வெறும் இரைச்சல். பிறகு “ரொக் என்றாலே இரைச்சல்” என்று எழுதுபவரில் பிழை இல்லை. ஆராதனையில் கீபோர்ட் போடும் பொக்ஸில் இணையுங்கள். பாட்டுகளை முன்கூட்டியே இறக்கி வையுங்கள், நடுவில் விளம்பரம் வந்தால் மனம் கலைந்துவிடும். கார்த்திகை, மார்கழி மழையில் தகரக் கூரைக்குக் கீழே இந்த வேலை சரிவராது. ‘ட்வென்டி ஃபோர்’ ஒரு சொல்லும் கேட்காது.

வரிகள் ஆங்கிலம். ஒவ்வொரு பாட்டும் எதைப் பற்றியது என்று தமிழில் இரண்டு இரண்டு வரி எழுதி, போட்டோப் பிரதி எடுத்துக் கொடுங்கள். நல்லது கெட்டது என்று உங்கள் அபிப்பிராயத்தை அதில் எழுதக் கூடாது.

இனிக் கருத்துத் தாள். இதுதான் முக்கியம். பெயர் எழுத வேண்டாம், வயதை மட்டும் போடட்டும். மூன்று கேள்வி போதும்: எந்தப் பாட்டில் எந்த இடம் உங்களைப் பிடித்தது? எந்த இடத்தில் மனம் விலகிப் போனது? மறுபடி கேட்பதென்றால் எதை, எப்போது கேட்பீர்கள்? புள்ளி போடச் சொல்லாதீர்கள். பத்துக்கு ஏழு என்று எழுதினவரிடம் அதற்கு மேல் கதைக்க ஒன்றும் இருக்காது. ‘டேர் யூ டு மூவ்’ மெதுவாகத் தொடங்கி எழும்பும்போது எனக்கு அழுகை வந்தது என்று எழுதினவரோடு ஒரு மணித்தியாலம் கதைக்கலாம்.

தாள் கைக்கு வரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. நம் ஊரில் பெரியவர் ஒருவர் தலையாட்டினால் பிள்ளைகள் எல்லாரும் அதையே எழுதிவிடுவார்கள். அதனால் போதகரிடம் முன்பே போய், “ஐயா, நீங்கள் கடைசியாகச் சொன்னால் நல்லது” என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஐயா சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். அவருடைய தாள்தான் அன்றைக்கு ஆக நீளமானது.

கதை தொடங்கியதும் முதலில் வருவது இரண்டு வசனம். பெடியன்மார் “அந்த மாதிரி!” என்பார்கள். அன்ரிமார் “சத்தம் கூட, தம்பி” என்பார்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான்: எந்த இடம்? அந்த இடத்தைத் திரும்பப் போடுங்கள். சத்தம் கூட என்ற ஒரு அம்மாவுக்கு முதல் பாட்டைத் திரும்பப் போட்டேன். கிட்டார் பிரச்சினை இல்லையாம்; அதற்குள் பாடுகிறவரின் குரல் அமிழ்ந்து போவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. இது காதுள்ள ஒருவர் சொல்லும் விமர்சனம். “சத்தம் கூட” என்பதோடு விட்டிருந்தால் இது கிடைத்திராது.

‘அம்யுனிஷன்’ என்ற நாலாம் பாட்டுக்கு நேரம் ஒதுக்குங்கள். வெளியில் பழி தேடாதே, வெடிமருந்து நமக்குள்தான் இருக்கிறது என்பது அதன் கருத்து. யுத்தத்தோடு வளர்ந்தவர்களும் அதற்குப் பின் பிறந்தவர்களும் இதை ஒரே மாதிரிக் கேட்பதில்லை. சின்னவர்களுக்கு அது துள்ளலான பாட்டு. ஒரு அக்கா எழுதியிருந்தார்: “கருத்து சரி. ஆனால் இதை இவ்வளவு உற்சாகமாகப் பாட என்னால் ஏலாது.” அந்தத் தாளை வாசித்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தில் அவசரப்பட்டு அடுத்த பாட்டுக்குப் போகாதீர்கள். விரும்பினவர் கதைக்கட்டும்.

“இது கிறிஸ்தவப் பாட்டா?” என்ற கேள்வி கட்டாயம் வரும். தொடக்கத்திலேயே அதை எடுத்தால் அன்றைய பின்னேரம் முழுக்க அதிலேயே போய்விடும்; இசையைப் பற்றி ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மறுகா பார்ப்போம் என்று கடைசிக்கு வையுங்கள். அப்போது ஒரு விஷயம் சொல்லலாம்: தாங்கள் விசுவாசத்தால் கிறிஸ்தவர்கள், அதை இசை வகையின் பெயராக ஒட்ட வேண்டாம் என்பதே அந்தக் குழுவின் நிலைப்பாடு. ஆராதனையில் பாட இது பொருந்தாது என்பது என் எண்ணம். ஆனால் வேலையால் களைத்து வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் கேட்க இதைவிடத் துணையான பாட்டுகள் எனக்குக் குறைவு.

நேரம் இருந்தால் ஒரு சோதனை. ‘டேர் யூ டு மூவ்’ 2000இல் வந்த ‘லேர்னிங் டு ப்ரீத்’ அல்பத்திலும் உண்டு. 2003க்காகத் திரும்பப் பதிவு செய்தார்கள். எது முந்தியது என்று சொல்லாமல் இரண்டையும் போட்டு, வித்தியாசத்தை எழுதச் சொல்லுங்கள். இசை தெரியாது என்று ஒதுங்கி இருக்கிறவர்கள்கூட இதில் நுணுக்கமாகக் கேட்பதைப் பார்ப்பீர்கள்.

தாள்களைத் தொகுக்கும்போது அவரவர் சொன்ன வசனத்தையே கொப்பியில் எழுதுங்கள். “பெரும்பாலானோர் விரும்பினர்” என்று சுருக்கினால் அந்த அக்காவின் தாள் காணாமல் போகும். இது பிடிக்கவில்லை என்றவர்களே அடுத்த அல்பத்தைத் தெரிவு செய்யட்டும். மெதுவானது கேட்டால் 1995இல் வந்த ஜார்ஸ் ஒஃப் கிளே குழுவின் முதல் அல்பம் இருக்கிறது. இன்னும் கனமாக வேண்டும் என்று பெடியன்மார் நின்றால் பி.ஓ.டி. குழுவின் 2001ஆம் ஆண்டு ‘சாட்டலைட்’. அதற்கு மட்டும் மண்டபத்தின் ஜன்னல்களை முதலே சாத்திவிடுங்கள்.