தண்டவாளத்தில் விரலை வையுங்கள்

லிங்கன் நகருக்குக் குடிவந்த புதிதில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துப் பழைய டோப்போ ஷீட் (நிலத்தின் மேடு பள்ளம் காட்டும் வரைபடம்) ஒன்றை விரித்துப் பார்த்து, அச்சு சரியாக விழவில்லை என்றே நினைத்தேன். சம உயரக் கோடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. நிலமே அப்படித்தான், தோசைக்கல் மாதிரி. இந்த மாதிரி ஷீட்டை மேடு பள்ளத்தில் தொடங்கிப் படிக்கக்கூடாது.

அமெரிக்க நிலவியல் ஆய்வகமான யு.எஸ்.ஜி.எஸ்.ஸின் டோப்போவியூ தளத்தில் ஐம்பது, அறுபதுகளின் ஷீட்டுகள் இலவசம். 1:24,000 அளவில் கிடைத்தால் அதையே எடுங்கள்; ஒரு மைல் இரண்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக விரியும். முதலில் ஓரக்குறிப்பில் விமானப்படம் எடுத்த ஆண்டையும் களத்தில் சரிபார்த்த ஆண்டையும் பாருங்கள். ஷீட்டின் தலைப்பு ஆண்டைவிட எனக்கு அவைதான் முக்கியம்.

அடுத்து, குறுக்குக் கீற்றுகள் போட்ட கறுப்புக் கோட்டில், அதாவது தண்டவாளத்தில், விரலை வைத்து மேற்கே நகருங்கள். 1870-களில் பர்லிங்டன் ரயில் கம்பெனி இங்கே ஸ்டேஷன்களுக்கு ஆங்கில அகரவரிசையில் பெயர் வைத்தது: கிரீட், டார்செஸ்டர், எக்ஸெட்டர், ஃபேர்மாண்ட், கிராஃப்டன், ஹார்வர்ட். நடுவில் ஃபிரெண்டும் சட்டனும் புகுந்து வரிசையைக் குலைக்கும். ஆறாம் நம்பர் நெடுஞ்சாலையில் போகும்போது எங்கள் வீட்டு வாண்டுகளுக்கு இதுதான் விளையாட்டு.

ஊரைச் சுற்றி மைலுக்கொரு கோடாகக் கட்டங்கள் தெரியும். ஒரு கட்டம் ஒரு செக்‌ஷன், 640 ஏக்கர். முப்பத்தாறு சேர்ந்தால் ஒரு டவுன்ஷிப். எண்கள் வடகிழக்கு மூலையில் தொடங்கி, ஏர் ஓட்டித் திரும்புகிற மாதிரி மேற்கே போய்க் கிழக்கே திரும்பும்.

ஊருக்குள் கறுப்பாக நிரப்பிய சதுரம் வீடு. உள்ளே வெற்றாகவோ கோடு போட்டோ இருந்தால் தொழுவம், கிடங்கு. கொடி இருந்தால் பள்ளி, சிலுவை இருந்தால் தேவாலயம். தண்டவாளத்தை ஒட்டி, சைடிங் (பக்கத் தண்டவாளம்) அருகே வெற்றுக் கட்டடம் நின்றால் பெரும்பாலும் தானிய எலிவேட்டர், அதாவது உயரமான தானியக் கிடங்கு. வயல்நடுவே ஒற்றைக் கொடி தெரிந்தால் விடாதீர்கள், அது கிராமத்து ஓரறைப் பள்ளியாக இருக்கலாம். பிந்தைய ஷீட்டில் அதைத் தேடிப் பாருங்கள்.

நான் ஏமாந்தது ஃபேர்மாண்ட் பக்கம். உட்புறம் பல் வைத்த பழுப்புச் சம உயரக் கோட்டு வளையத்தைக் குன்று என்று நம்பி மனைவியையும் கூட்டிப் போனேன். குன்றாவது, மண்ணாங்கட்டியாவது! அது பள்ளம்; மழைநீர் தேங்கும் குட்டை. இந்த வட்டாரத்துக்கே 'ரெயின்வாட்டர் பேசின்' என்றுதான் பெயர். வளையத்துக்குள் சதுப்பைக் காட்டும் நீலப் புல் குறி இருந்தால் மார்ச்சில் போங்கள், வாத்துக் கூட்டம் இறங்கும். புல் குறி இல்லாமல், வளையத்திலிருந்து நேர்நேராக ஒரு நீலக்கோடு மட்டும் வெளியே போனால், வாய்க்கால் வெட்டி வடித்து உழுதுவிட்டார்கள் என்று கொள்ளலாம்.