பெர்சியன் பூனைக்குட்டி வாங்கும் முன்: தடுப்பூசி அட்டையை விரித்துப் பாருங்கள்

சித்திரை, வைகாசியில் வாங்காதீர்கள். பெர்சியனுக்கு மூக்கு சப்பை. நெல்லை வெக்கையில், அதுவும் பயணக் கூண்டுக்குள், வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தால் ஆபத்து. தென்காசிப் பக்கம் சாரல் இறங்கியபின் கொண்டுவருவது நல்லது.

முதலில் ப்ரீடருக்கு (பூனை வளர்த்துக் குட்டி விற்பவருக்கு) போன். தாய்ப்பூனை எங்கே இருக்கிறது, இது எத்தனையாவது ஈத்து, குட்டியை எத்தனை வாரத்தில் கொடுப்பீர்கள், இந்த மூன்றையும் கேளுங்கள். "45 நாள்ல எடுத்துக்கிடுங்க" என்றால் அதோடு விட்டுவிடுங்கள். தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் 12 வாரமாவது இருந்தால்தான் கடிக்காமல் விளையாடப் பழகும். நல்ல ப்ரீடர் உங்களையும் துருவுவார்: மாடி வீடா, ஜன்னலுக்கு வலை உண்டா, பகலில் ஆள் இருக்குமா என்று. கோபப்படாதீர்கள்.

'ட்ரிபிள் கோட்' என்று ஓர் இனமே கிடையாது. மேல்முடி, அடிமுடி என்று பெர்சியனுக்கு இரண்டு அடுக்குதான். முகம் ரொம்பவே தட்டையாக இருந்தால் 'பஞ்ச் ஃபேஸ்' என்று கூடுதல் விலை சொல்வார்கள். மூக்கு உள்ளே போகப்போகக் கண்ணில் நீர் வடிவதும் மூச்சுத் திணறலும் கூடும். என் ஓட்டு, மூக்கு கொஞ்சம் வெளியே தெரியும் 'டால் ஃபேஸு'க்குத்தான்.

அடுத்து, நேரில் போங்கள். முன்பணம் அனுப்பிவிட்டு, ஆம்னி பஸ்ஸில் பார்சலாக வரும் குட்டிக்காக நெல்லை வண்ணார்பேட்டையில் காத்து நிற்கும் வேலை வேண்டாம்.

பலர் சறுக்குவது தடுப்பூசி அட்டையில்தான். "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்பதைக் காதால் கேட்காதீர்கள், அட்டையைக் கையில் வாங்குங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அதில் பேட்ச் எண், காலாவதித் தேதி. பக்கத்தில் ஊசி போட்ட தேதி, டாக்டர் கையெழுத்து, முத்திரை. பேனாவால் 'ட்ரைகேட்' (மூன்று பூனை நோய்களுக்கான ஒரே ஊசி) என்று எழுதி டிக் அடித்திருந்தால் நம்பாதீர்கள்.

பிறகு பிறந்த தேதியிலிருந்து கணக்குப் போடுங்கள். முதல் ட்ரைகேட் 8 வாரத்தையொட்டி, அடுத்தது 3, 4 வாரம் கழித்து, வெறிநோய் ஊசி 12 வாரத்தில். 50 நாள் குட்டிக்கு மூன்றும் முடிந்ததாக அட்டை சொன்னால் தேதி பொய், இல்லை ஊசி பொய். சீக்கிரமே போட்டாலும் பலன் குறைவு: தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்யவிடாது. ட்ரைகேட்டின் கடைசி டோஸை 16 வாரம் வரை தள்ளுவது அதனால்தான்.

டிகா (TICA), சிஎஃப்ஏ, டபிள்யூசிஎஃப் என்ற பூனைச் சங்கங்களின் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும், உடம்பைச் சொல்லாது. தாய், கடுவன் இரண்டுக்கும் பிகேடி மரபணு அறிக்கை கேளுங்கள். சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வளரும் பரம்பரை நோய் அது. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. "ஸ்கேன்ல சுத்தம்" என்பது 10 மாதத்துக்குக் கீழுள்ள பூனைக்குச் செல்லாது. அறிக்கையில் மைக்ரோசிப்பின் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்) 15 இலக்க எண் இருந்தால் சிப் ரீடரைத் தாயின் தோள்பட்டையில் ஓட்டி ஒத்துப் பாருங்கள்.

கடைசியாகக் குட்டியைத் தூக்குங்கள். காதுக்குள் காப்பித்தூள் மாதிரி அழுக்கு இருந்தால் காதுப்பூச்சி; மருந்தில் போய்விடும். காது விளிம்பிலோ மூக்குக்கு மேலேயோ முன்காலிலோ வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரை என்று சந்தேகப்படுங்கள். அது வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டும், மாதக்கணக்கில் இழுக்கும். அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பலாம்.

வாங்கிய இரண்டொரு நாளில் டாக்டரிடம் காட்டுங்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் பார்க்கிறார்கள். ப்ரீடர் கொடுத்த தீனியையே ஒரு வாரம் கொடுத்துவிட்டு மெல்ல மாற்றுங்கள், இல்லையென்றால் பேதியாகும்.

பின்சேர்க்கை: முன்பு வளர்த்த பூனை வாந்தி பேதியில் செத்த வீடா? அது பூனை பார்வோவாக இருக்கலாம்; அந்தக் கிருமி ஒரு வருடம்கூட வீட்டில் கிடக்கும். ஊசி முடியாத குட்டியைக் கொண்டுவராதீர்கள். தரையை முதலில் கழுவிவிட்டு, பிளீச் திரவம் 1 பங்கு, தண்ணீர் 32 பங்கு கலந்து ஊற்றி 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். டெட்டாலும் பினாயிலும் வேண்டாம், பூனைக்கே நஞ்சு.