அம்மாவுக்கு, அப்பாவுக்கு எந்த வகை முதியோர் இல்லம்? படிப்படியாகப் பார்க்கலாம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில், பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போன பிறகு, தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் பெரியவர்கள் தனியாக இருப்பது சகஜமாகிவிட்டது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றதும் எல்லாரும் “நல்ல ஹோம் எது?” என்றுதான் விசாரிக்கிறார்கள். எந்த வகை ஹோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

படி 1: ஒரு தாளை எடுங்கள்

குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலம் அடக்குவது, தானே சாப்பிடுவது. இந்த ஆறையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘தானே’, ‘கை கொடுத்தால்’, ‘முடியாது’ என்று குறியுங்கள். பகலுக்கு ஒரு வரிசை, இரவுக்கு ஒரு வரிசை. பகலில் கைத்தடியோடு கோயில்வரை நடக்கிற அம்மா, இருட்டில் கழிப்பறைக்குப் போகும்போதுதான் விழுவார். அடுப்பை அணைக்க மறப்பது, தெரிந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பது போன்றவை இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

படி 2: தாளுக்கு ஏற்ற வகை

எல்லாமே ‘தானே’ என்றால் அவசரப்பட்டு இல்லம் தேட வேண்டாம். 60 வயதைத் தாண்டியவர்கள் பகலில் கூடிப் பொழுதுபோக்க ‘பாவே’ எனப்படும் முதியோர் நடவடிக்கை மையங்கள் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் சம்பளத்துக்கு ஒரு துணையும் கிடைத்தால் சில வருடம் ஓடிவிடும்.

‘கை கொடுத்தால்’ அதிகம் என்றால் தனியார் பராமரிப்பு இல்லம். நான்கு பேர் அல்லது அதற்கு மேல் வைத்துப் பார்க்கிற இடங்கள் 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் சமூகநல இலாகாவில் பதிய வேண்டும்.

மூக்குக் குழாய் வழியாக உணவு, சிறுநீர்க் குழாய், ஆறாத சர்க்கரைப் புண், படுத்த படுக்கை என்றால் நர்சிங் ஹோம்தான். அதற்கு உரிமம் தருவது சுகாதார அமைச்சு, 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின்கீழ். பலகையில் ‘நர்சிங்’ என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். சான்றிதழைக் கேட்டு, யார் கொடுத்தது, எப்போது காலாவதி என்று படியுங்கள்.

அரசாங்கத்தின் ‘ருமா ஸ்ரீ கெனாங்கான்’ வேறு ரகம். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடிந்த, 60 வயதுக்கு மேற்பட்ட, ஆதரவற்ற ஏழைகளுக்கானது அது. பிள்ளைகள் பணம் கட்டிச் சேர்க்கிற இடமல்ல. நமக்குப் பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தானிலும் தைப்பிங்கிலும் இருக்கிறது. (தஞ்சோங் ரம்புத்தான் என்றதும் மனநல மருத்துவமனையை நினைத்துப் பதறுகிறவர்கள் உண்டு. அது வேறு, இது வேறு.) ஆதரவில்லாமல் நோயில் விழுந்தவர்களுக்கு ‘ருமா எசான்’, கோல குபு பாருவிலும் டுங்கூனிலும். இரண்டுக்கும் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

படி 3: நேரில் போங்கள், சாப்பாட்டு நேரத்தில்

முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஒரு தடவை, சொல்லாமல் ஒரு தடவை. வரவேற்பறை ஏர்கோனைப் பார்த்து மயங்காமல் கடைசிக் கட்டில்வரை நடங்கள். சாப்பிட முடியாதவருக்கு ஊட்டுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டே திணிக்கிறாரா? படுக்கையில் இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வரும். புரட்டிய நேரத்தை எழுதும் தாளைக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதியது போலிருந்தால் எனக்குச் சந்தேகம்தான். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் என்பதையும் கேளுங்கள்.

அப்புறம் மொழி. பல இல்லங்களில் வேலை பார்ப்பவர்கள் வெளிநாட்டினர். பேச்சு மலாயில், இல்லையென்றால் சீனத்தில். இப்போது அப்பா மலாயில் சமாளிப்பார். மறதி முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் நழுவிப்போவதுண்டு. அன்றைக்கு “வலிக்குது” என்று அவர் சொன்னால் புரிந்துகொள்ளத் தமிழ் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். மாட்டிறைச்சி சமைக்கிற சட்டி தனியா, வெள்ளிக்கிழமை சைவம் கிடைக்குமா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

தோட்டத்தில் வேலை செய்தவர்கள் விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) எழுந்து பழகியவர்கள். எத்தனை வயதானாலும் ஐந்து மணிக்குக் கண் விழித்துவிடும். “அந்த நேரத்தில் ஒரு கோப்பி கிடைக்குமா?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வருகிற தோரணையிலேயே அந்த இடத்தைப் பாதி தெரிந்துகொள்ளலாம்.

படி 4: காசு, கையெழுத்து

சொல்கிற மாதக் கட்டணத்தில் பெம்பர்ஸ், பால் மாவு, மருந்து, கிளினிக்குக் கூட்டிப்போகும் செலவு சேருமா என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வைப்புத்தொகை எப்போது திரும்பும், ராத்திரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் யார் கூடப் போவார் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முதலில் ஒரு மாதம் தங்கவைத்துப் பார்க்க ஒப்புக்கொள்ளும் இடமாக இருந்தால் நல்லது.

ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பராமரிப்புத் தேவை என்று டாக்டர் எழுதிய கடிதத்தோடு சேர்த்து வைத்திருந்தால், பெற்றோருக்கான மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு வருடத்துக்கு 8,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்குக் கேட்கலாம்.