டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியின் வரலாற்றைப் படிப்பது எப்படி

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையிலோ பழைய போர்ப் புகைப்படத்திலோ ஆள் உயரத்தை மிஞ்சிய ஒரு துப்பாக்கியைக் காண்பவர்கள், இது இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பயன்படுத்திய தடித்த கவசமுள்ள டைகர் டாங்கியைத் துளைத்திருக்குமா என்றே பெரும்பாலும் கேட்கிறார்கள். அப்படித் தொடங்கினால், காலாட்படையினர் தோளில் சுமந்த இந்த ஆயுதத்தின் வரலாறு முழுவதும் தோல்வியாகவே தெரியும். அது எந்த ஆண்டில் படைக்கு வந்தது, அந்த ஆண்டில் எதிரே வந்த டாங்கியின் கவசம் எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு என்ற இரண்டையும் அருகருகே எழுதிக்கொண்டு படிக்கத் தொடங்குவதே சரியான வழி.

முதல் துப்பாக்கியிலேயே இதைச் செய்து பார்க்கலாம். முதல் உலகப் போரின்போது, 1916 செப்டம்பர் 15 அன்று, பிரான்ஸின் சோம் போர்முனையில் பிரிட்டன் முதன்முதலாக டாங்கிகளை இறக்கியது. அதற்கு விடையாக ஜெர்மனியின் மௌசர் நிறுவனம் 1918-இல் 13.2 மி.மீ. துப்பாக்கி ஒன்றைத் தயாரித்தது. அது ஏறத்தாழ 100 மீட்டரில் 20 மி.மீ. தகட்டைத் துளைக்கும், பிரிட்டனின் மார்க் 4 டாங்கியின் மிகத் தடித்த கவசமோ 12 மி.மீ. தான். எண்களின்படி துப்பாக்கியே வென்றது. ஆனால் எண்களோடு நின்றுவிடாமல், ஆயுதத்தின் அமைப்பையும் பார்க்க வேண்டும்: குழல் முனையில் பின்னுதைப்பைத் தணிக்கும் கருவி இல்லை, தோள்கட்டையில் வில்லோ மெத்தையோ இல்லை. ஒவ்வொரு வேட்டின் உதையையும் சுட்டவரின் தோள் எலும்பே தாங்கியது.

அடுத்ததாக, குழலின் விட்டத்தை மட்டும் வைத்து வலிமையைக் கணிக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். போலந்தின் 1935-ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கி வெறும் 7.92 மி.மீ. தான், எனினும் அதன் தோட்டா நொடிக்கு 1,200 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்ந்ததால், 1939-இல் படையெடுத்து வந்த ஜெர்மன் டாங்கிகளுக்கு அது உண்மையான ஆபத்தாக இருந்தது. அந்த வேகத்துக்குக் கொடுத்த விலை, விரைவில் தேய்ந்துபோகும் குழல். உருகுவேக்கு ஏற்றுமதியாகும் சரக்கு என்ற பெயரில் மறைத்துவைக்கப்பட்ட ரகசிய ஆயுதம் என்பதால், வீரர்களுக்கு அதில் பழக மிகக் குறைந்த காலமே கிடைத்தது என்பதையும் சேர்த்தே அதன் பயனை மதிப்பிட வேண்டும்.

பிரிட்டனின் பாய்ஸ் துப்பாக்கியைத் தோட்டாப்பெட்டி மேற்புறம் செருகப்பட்டிருப்பதைக் கொண்டு உடனே அடையாளம் காணலாம். 1937-இல் ஏற்கப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன் காலமான கேப்டன் ஹென்றி பாய்ஸின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 100 கஜத்தில் ஏறத்தாழ 23 மி.மீ. துளைக்கும் அது, ஜெர்மன் டாங்கிகளான பான்சர் 1, 2 ஆகியவற்றின் தொடக்க வகைகளுக்கு எதிராகப் போதும், 30 மி.மீ. கவசமுள்ள பான்சர் 3-க்கு எதிராகப் போதாது.

சோவியத் துப்பாக்கிகளுக்கு வரும்போது நிதானமாகப் படியுங்கள். இந்த ஆயுதத்தின் வரலாற்றில் மிகச் செறிவான பகுதி அங்கேதான் இருக்கிறது. ஜெர்மனி உள்ளே புகுந்து இரண்டு மாதங்களில், 1941 ஆகஸ்ட் 29 அன்று, 14.5 மி.மீ. துப்பாக்கிகள் இரண்டு ஒரே நாளில் ஏற்கப்பட்டன. தோட்டாப்பெட்டியே இல்லாமல் நீண்ட குழாய் போலத் தோன்றுவது டெக்டியாரோவ் வடிவமைத்தது. விசைக்கு முன்னால் ஐந்து தோட்டாக்களுக்கான பெட்டி இருந்தால் சீமோனோவ் வடிவமைத்தது. டங்ஸ்டன் கார்பைடு உள்ளகம் கொண்ட தோட்டா 100 மீட்டரில் ஏறத்தாழ 40 மி.மீ. துளைத்தது. பான்சர் 4-இன் முன்புறத்துக்கு அது போதாது, 30 மி.மீ. தடிப்புள்ள பக்கவாட்டுக்குப் போதும். ஆகவே இருவர் கொண்ட குழு, பக்கவாட்டுக் காட்சி கிடைக்கும்வரை, பார்வைத் துளையும் சங்கிலிப் பட்டையும் தெளிவாகத் தெரியுமளவுக்கு டாங்கி நெருங்கும்வரை, பள்ளத்தில் அசையாமல் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் துணிச்சலைத் துளைப்பு அட்டவணை எதுவும் காட்டாது.

ஓர் ஆயுதம் எவ்வளவு அஞ்சப்பட்டது என்பதை அறிய எதிரியின் டாங்கியைப் பார்ப்பதே சிறந்த சான்று. 1943 முதல் பான்சர் 3, 4 ஆகியவற்றின் பக்கங்களிலும், பாந்தர் என்ற ஜெர்மன் டாங்கியின் சக்கரங்களுக்கு மேலே தெரியும் 40 மி.மீ. பகுதியிலும் தொங்கும் மெல்லிய எஃகுத் தகடுகள், முதன்மையாக இந்தச் சோவியத் துப்பாக்கிகளைத் தடுக்கவே மாட்டப்பட்டன. வழக்கொழிந்த ஆயுதம் என்று கருதப்பட்ட ஒன்றுக்காக ஒரு தொழில் வல்லரசு தன் டாங்கிகளைத் திருத்தியமைத்தது என்பது சிறிய செய்தியன்று.

இறுதியாக, புகைப்படத்தின் காலத்தைக் கணிக்கும்போது மாற்றியமைக்கப்பட்ட வகைகளைக் கவனியுங்கள். வேகத்தைச் சாராமல் வெடிமருந்தின் குவிந்த தாரையால் கவசத்தைத் துளைக்கும் அமெரிக்காவின் பசூக்கா, பிரிட்டனின் பியாட், ஜெர்மனியின் பான்சர்ஃபௌஸ்ட் ஆகிய கையில் ஏந்தும் ஆயுதங்கள் 1942-43-இல் வந்த பிறகு, பெரும்பாலான படைகள் பழைய துப்பாக்கிகளை ஒதுக்கிவிட்டன. ஜெர்மனியோ தன் 39-ஆம் மாதிரி டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியின் குழலை வெட்டிக் குறுக்கி, முனையில் கையெறிகுண்டு ஏவும் கிண்ணத்தைப் பொருத்தியது. குட்டையான குழலும் அந்தக் கிண்ணமும் தென்பட்டால், படம் 1942-க்கு முற்பட்டதாக இருக்க வாய்ப்பில்லை. அதைக் குண்டேவி என்றே குறித்துக்கொள்ள வேண்டும்.